தோலில் பிறந்த விஞ்ஞானமும் பேரேட்டுக் கணக்கும்

"ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு" என்று நம் முன்னோர் சொல்லி வைத்தார்கள். அந்த உபதேசத்தை இந்நாளில் மிகவும் சிரத்தையாகக் கடைப்பிடிப்பவர்கள் மளிகைக்கடைக்காரர்கள் அல்ல, சர்வகலாசாலைகளை நிர்வகிப்பவர்களே. நெல்லை மரக்காலாலும் துணியைக் கஜக்கோலாலும் அளந்த தேசத்தில், இப்பொழுது விஞ்ஞானியின் மூளையை அளப்பதற்கும் ஒரு கோல் வந்து சேர்ந்திருக்கிறது. அதற்கு மேற்கோள் கணக்கு என்று பெயர்.

விஷயம் இதுதான். ஒரு விஞ்ஞானி தாம் கண்டதை ஒரு கட்டுரையாக எழுதி, அதற்கென்று உள்ள பத்திரிகையில் பிரசுரிக்கிறார். பின்னால் வேறொருவர் அதே துறையில் எழுதும்போது, "இது இன்னார் இன்ன வருஷத்தில் சொன்னது" என்று கட்டுரையின் அடியில் குறித்து வைக்கிறார். அப்படிக் குறிக்கப்படும் ஒவ்வொரு தடவையும் முதல்வரின் பேரேட்டில் ஒரு வரவு ஏறுகிறது. வருஷ முடிவில் வரவுகளைக் கூட்டிப் பார்த்து, "இவர் பெரிய விஞ்ஞானி, இவர் சிறிய விஞ்ஞானி" என்று தீர்ப்புச் சொல்லிவிடுகிறார்கள். வேலை, பதவி உயர்வு, பண உதவி எல்லாம் அந்தக் கூட்டுத் தொகையைப் பொறுத்து நடக்கின்றன.

இந்தக் கோல் நேரானதா, கோணலானதா? வெறும் வாதமாகப் பேசினால் முடிவு ஏற்படாது. ஆகையால் ஒரு மனிதரை எடுத்துக்கொண்டு அவருடைய வேலையை இந்தக் கோலால் அளந்து பார்ப்போம். நாம் எடுத்துக்கொள்பவர் டாக்டர் ஜி. என். ராமச்சந்திரன். அவருடைய முதற் பெரும் கண்டுபிடிப்பு தோலைப் பற்றியது. ஆதலால் ஆற்காடு, ராணிப்பேட்டை, ஆம்பூர் பக்கத்து ஜனங்களாகிய நமக்கு அவர் அந்நியர் அல்லர்.

தோல் என்பது என்ன?

நாம் வசிக்கும் கலவையிலிருந்து புறப்பட்டு ஆற்காட்டைத் தாண்டிப் பாலாற்றைக் கடந்தால், ராணிப்பேட்டைத் தோல் தொழிற்சாலைகள் வந்துவிடும். அங்கிருந்து மேற்கே விஷாரம், பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி என்று தோல் மணம் தொடர்ந்து கூடவே வரும். இந்தப் பிரதேசத்தில் தோலினால் வயிறு நிரம்பிய குடும்பங்கள் ஆயிரக்கணக்கில் உண்டு. அதே தோலினால் பாலாற்றுத் தண்ணீரும் கிணற்றுத் தண்ணீரும் கெட்டு, வழக்கு சுப்ரீம் கோர்ட்டு வரையில் சென்று 1996-ஆம் வருஷத்தில் தீர்ப்பானதும் எல்லோருக்கும் தெரியும்.

பச்சைத் தோலை அப்படியே விட்டால் இரண்டொரு நாளில் அழுகிவிடும். அதை ஊற வைத்து, சுண்ணாம்பிலிட்டு, மயிரையும் சதையையும் நீக்கி, ஆவாரம்பட்டைச் சாற்றிலோ குரோமிய உப்பிலோ பதப்படுத்தினால், பல்லாண்டு உழைக்கும் செருப்பாகிறது. பச்சைத் தோலை ஏறக்குறைய 60 டிகிரி சென்டிகிரேடு சூடுள்ள வெந்நீரில் போட்டால் சுருங்கிப் போகும். குரோமியத்தில் பதமிட்ட தோலோ கொதிக்கும் நீரையும் தாங்கி நிற்கும். தோலையும் எலும்பையும் நெடுநேரம் காய்ச்சினால் தச்சர்கள் பலகையை ஒட்டும் வச்சிரம் கிடைக்கிறது. ஒரே பொருள் ஓரிடத்தில் செருப்பாகவும் வேறோரிடத்தில் பசையாகவும் மாறுவதன் மர்மம் என்ன?

அந்தப் பொருளுக்குக் கொல்லாஜன் என்று பெயர். அது ஒரு புரதம். மாட்டுத் தோலில் மட்டுமல்ல. நம் தோலிலும், எலும்பிலும், பல்லிலும், தசையை எலும்போடு கட்டும் நாணிலும், இரத்தக் குழாயின் சுவரிலும் அதுவே இருக்கிறது. நம் தேகத்திலுள்ள புரதங்களில் மிக அதிகமானது அதுதான். வீட்டுக்குச் செங்கல்லும் சுண்ணாம்பும் எப்படியோ, தேகத்துக்குக் கொல்லாஜன் அப்படி. ஆனால் 1950-ஆம் வருஷத்தை ஒட்டிய காலத்தில், இந்தப் பொருளின் அணுக்கள் எந்த ஒழுங்கில் அடுக்கப்பட்டிருக்கின்றன என்பது உலகத்தில் ஒருவருக்கும் திட்டமாகத் தெரியாது. அமெரிக்காவின் லைனஸ் பாலிங் முதலிய மேதாவிகள் முயன்றும் விடை சரியாக அமையவில்லை.

கிண்டியில் ஓர் இளைஞர்

கோபாலசமுத்திரம் நாராயண ராமச்சந்திரன் 1922-ஆம் வருஷம் அக்டோபர் 8-ந் தேதி எர்ணாகுளத்தில் பிறந்தார். தந்தையார் கணித ஆசிரியர். திருச்சி செயிண்ட் ஜோசப் கல்லூரியில் பௌதிகம் படித்துத் தேறி, 1942-இல் பெங்களூர் விஞ்ஞானக் கழகத்தில் மின்சார எஞ்சினீயரிங் மாணவராகச் சேர்ந்தார். அங்கே ஸர் சி. வி. ராமனுடைய கண்ணில் பட்டார். ராமன் அவரைப் பௌதிகப் பகுதிக்கு இழுத்துக்கொண்டுவிட்டார். பிறகு 1947 முதல் இரண்டு வருஷம் கேம்பிரிட்ஜில் ஆராய்ச்சி செய்து, டாக்டர் பட்டம் பெற்றுப் பெங்களூருக்குத் திரும்பினார்.

அந்தச் சமயத்தில் சென்னைச் சர்வகலாசாலையின் துணைவேந்தராயிருந்த டாக்டர் ஏ. லக்ஷ்மணசாமி முதலியார், கிண்டியில் புதிய பௌதிகப் பகுதி ஒன்றை ஆரம்பிக்க விரும்பினார். அதற்குத் தலைவராக வரும்படி ராமனை அழைத்தார். ராமன் தமக்குப் பதிலாக ராமச்சந்திரனைச் சிபாரிசு செய்தார். 1952-இல், முப்பது வயது கூட நிரம்பாத ஓர் இளைஞர் அந்தப் பகுதிக்குத் தலைவரானார். வயசைப் பார்க்காமல் திறமையைப் பார்த்த துணைவேந்தருக்கும் நாம் ஒரு கும்பிடு போடவேண்டியதுதான். அந்த இளைஞர் எத்தனை கட்டுரை எழுதியிருக்கிறார், அவற்றை எத்தனை பேர் குறித்திருக்கிறார்கள் என்ற கூட்டுத் தொகை அப்பொழுது கிடையாது. ராமனுடைய வாய்ச்சொல் ஒன்றே போதுமானதாயிருந்தது.

இங்கிலாந்திலிருந்து சென்னைக்கு வந்த ஜே. டி. பெர்னால் என்ற பெரிய விஞ்ஞானி, பேச்சுவாக்கில் கொல்லாஜனைப் பற்றி ராமச்சந்திரனிடம் பிரஸ்தாபித்தார். அதுவரை வெளியான அமைப்புகள் எவையும் தமக்குத் திருப்தி தரவில்லை என்றார். அவ்வளவுதான், இளைஞருக்கு அது பிடித்துக்கொண்டது.

ஆராய்வதற்குக் கொல்லாஜன் வேண்டுமே? இங்கேதான் தோல் தொழில் உதவிக்கு வந்தது. 1948-இல் சென்னையில் மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் ஏற்பட்டிருந்தது. நம் பக்கத்துத் தோல் தொழிலுக்கு விஞ்ஞானத்தின் துணை வேண்டுமென்று தேசத்தார் கட்டிய ஸ்தாபனம் அது. சர்வகலாசாலையின் கிண்டி வளாகத்துக்கு மிகவும் சமீபம். அங்கிருந்து ராமச்சந்திரனுக்குச் சுத்தமான கொல்லாஜன் கிடைத்தது. ஆட்டிலிருந்தோ மாட்டிலிருந்தோ எடுத்ததல்ல. ஆஸ்திரேலியாவின் கங்காரு வாலிலுள்ள நாணிலிருந்து எடுத்தது. அதன் இழைகள் மிகவும் ஒழுங்காக அமைந்திருப்பதால் எக்ஸ்-கதிர்ப் படம் துலக்கமாக விழுந்தது.

மூன்று புரிக் கயிறு

புரதம் எல்லாமே அமினோ அமிலம் என்னும் மணிகளைக் கோத்த மாலைதான். கொல்லாஜன் மாலையில் ஒரு விசேஷம் உண்டு. அதிலுள்ள மணிகளில் மூன்றில் ஒன்று கிளைஸின் என்ற அமிலம். அமிலங்கள் எல்லாவற்றிலும் மிகச் சிறியது அதுவே. ஏன் சரியாக மூன்றில் ஒன்று? இந்தக் கேள்வியை ராமச்சந்திரனும், அவருடன் உழைத்த கோபிநாத் கர்த்தாவும் பிடித்துக்கொண்டார்கள்.

மூன்று மாலைகள் பக்கத்தில் பக்கத்தில் நின்று ஒன்றையொன்று தழுவினால், நடுவில் இடம் மிகவும் குறுகலாக இருக்கும். பெரிய மணி அங்கே நுழையாது. மிகச் சிறியதான கிளைஸின் மட்டுமே நடுவில் நிற்க முடியும். மாலை சுற்றிச் சுற்றி வரும்போது ஒவ்வொரு மூன்றாவது மணியும் நடுவுக்கு வந்து சேரும். ஆகவே ஒவ்வொரு மூன்றாவது மணியும் கிளைஸினாகத்தான் இருக்க வேண்டும்! கணக்கு அற்புதமாகப் பொருந்திவிட்டது. 1954 ஆகஸ்டு மாதத்தில் இங்கிலாந்தின் "நேச்சர்" பத்திரிகையில் இந்த அமைப்பு வெளியாயிற்று. அடுத்த வருஷம் அதைத் திருத்தி, மூன்று மாலைகளும் நேராக நில்லாமல், கயிற்றின் புரிகளைப் போல ஒன்றையொன்று சுற்றி முறுக்கிக்கொண்டிருக்கின்றன என்று இருவரும் வெளியிட்டார்கள்.

கயிறு திரிப்பவரைக் கேட்டால், ஒரு புரி அறுந்துவிடும், மூன்று புரி முறுக்கினால் தேரையும் இழுக்கும் என்று சொல்லுவார். இயற்கையும் நம் எலும்புக்கும் தோலுக்கும் அதே யுக்தியைத்தான் கையாண்டிருக்கிறது. சூடு ஏறினால் முறுக்கு அவிழ்கிறது, தோல் வச்சிரமாகிறது. பதமிட்டால் புரிகளுக்கிடையே கட்டுகள் விழுகின்றன. தோல் சூட்டைத் தாங்குகிறது. இந்தப் புரிகளை உறுதிப்படுத்தும் ஓர் அமிலம் உண்டாவதற்கு "ஸி" வைட்டமின் அவசியம். நெல்லிக்காயும் எலுமிச்சையும் கண்ணில் காணாத பழைய கப்பலோட்டிகளின் ஈறுகளில் இரத்தம் கசிந்ததன் காரணம் இதுதான். நடுவிலுள்ள கிளைஸின் ஒன்று மாறி, அந்த இடத்தில் வேறொரு பெரிய மணி வந்துவிட்டால், கயிறு அங்கே பழுதாகிறது. சில குழந்தைகள் லேசாக விழுந்தாலும் எலும்பு முறிந்துபோகும் பிறவி நோய்க்கு இத்தகைய மாறுதலே பெரும்பாலும் மூலம்.

குற்றச்சாட்டில் பிறந்த படம்

1955 நவம்பரில், டி. என். ஏ.யின் அமைப்பைக் கண்ட பிரான்ஸிஸ் கிரிக் என்பவரும் அலெக்ஸாண்டர் ரிச் என்பவரும் கொல்லாஜனைப் பற்றி எழுதினார்கள். மூன்று புரி முறுக்கு என்பதை அவர்களும் ஏற்றுக்கொண்டார்கள். ஆனால் சென்னைக்காரர்கள் காட்டிய அமைப்பில் சில அணுக்கள் நியாயத்துக்கு மேல் நெருங்கி நிற்கின்றன என்றும், புரிகளைப் பிணைக்கும் ஹைட்ரஜன் கட்டு மூன்று மணிகளுக்கு இரண்டல்ல, ஒன்றுதான் என்றும் ஆட்சேபித்தார்கள். கேம்பிரிட்ஜின் குரலுக்கு இருந்த பலம் கிண்டியின் குரலுக்கு இல்லை. கொல்லாஜன் கதையைச் சொல்லும்போது சென்னையின் பங்கைச் சுருக்கிவிடும் வழக்கம் மேனாட்டில் ஏற்பட்டது. ராமச்சந்திரனுக்கு நோபல் பரிசும் வரவில்லை. நம் தேசத்தார் பலருக்கு இது இன்றுவரையில் மனக்குறையே.

வேறொருவராயிருந்தால் வருந்தி உட்கார்ந்திருப்பார். அல்லது பத்திரிகையில் சண்டை போட்டிருப்பார். ராமச்சந்திரன் செய்தது வேறு. "அணுக்கள் நெருங்கி நிற்கின்றன என்கிறார்களே, எவ்வளவு நெருங்கலாம்?" என்று ஆதாரக் கேள்வியையே எழுப்பினார். அதுவரை உலகத்தில் வெளியாகியிருந்த அமினோ அமிலப் படிகங்களின் அளவுகளையெல்லாம் சேகரித்து, எந்த அணு எந்த அணுவுக்கு எவ்வளவு சமீபம் வருகிறது என்று பட்டியல் போட்டார்கள். பிறகு சி. ராமகிருஷ்ணன், வி. சசிசேகரன் என்ற இரு இளைஞர்களுடன் சேர்ந்து ஒரு பெரிய கணக்கில் இறங்கினார்.

நம் கை முழங்கையில் முன்புறம் மடங்குகிறது; பின்புறம் மடங்குவதில்லை. கதவு கீலின்மேல் திரும்புகிறது; சுவரில் இடித்தால் நின்றுவிடுகிறது. புரத மாலையிலும் ஒவ்வொரு மணிக்கும் இரண்டு கீல்கள் உண்டு. அவை திரும்பும் கோணங்களுக்கு பை, ஸை என்று கிரேக்க எழுத்துக்களால் பெயரிட்டார்கள். ஒரு கோணத்தைக் குறுக்காகவும் மற்றதை நெடுக்காகவும் வைத்து ஒரு சதுரம் வரைந்தார்கள். அதன் ஒவ்வொரு புள்ளியிலும் அணுக்கள் இடித்துக்கொள்கின்றனவா, இல்லையா என்று கணக்கிட்டார்கள். மின்னணுக் கணிப்பொறி கையிலில்லாத காலம். மேசைமேல் வைக்கும் கூட்டல் பொறியும் கையெழுத்தும் பொறுமையுமே துணை. முடிவில் சதுரத்தின் பெரும் பகுதி, ஏறக்குறைய நாலில் மூன்று பாகம், "நுழையக் கூடாத" பூமி என்று தெரிந்தது. மிச்சமுள்ள சிறு தீவுகளில்தான் உலகத்துப் புரதங்களெல்லாம் வாசம் செய்ய வேண்டும்.

இது 1963-இல் வெளிவந்தது. இன்று உலகம் முழுவதும் "ராமச்சந்திரன் படம்" என்று வழங்குவது இதுதான். கொல்லாஜனைப் பற்றிய ஓர் ஆட்சேபத்துக்குப் பதில் தேடப் போய், எல்லாப் புரதங்களுக்கும் பொதுவான விதி அகப்பட்டுவிட்டது. பூனைக்கு விரித்த வலையில் புலி விழுந்த கதை!

பேரேடு பிறந்த கதை

இப்பொழுது கணக்குப் பிள்ளையின் பக்கம் வருவோம். புத்தக சாலையையும் எண்ணிக்கையையும் சேர்த்து ஒரு சாஸ்திரம் வேண்டுமென்று முதலில் சொன்னவர்களில் ஒருவர் நம்மவரே. சென்னைச் சர்வகலாசாலையின் நூலகத் தலைவராக 20 வருஷம் பணி புரிந்த சீர்காழி ஸ்ரீ எஸ். ஆர். ரங்கநாதன், 1948-இல் இங்கிலாந்தில் நடந்த ஒரு மகாநாட்டில் "லைப்ராமெட்ரி" என்ற பெயரையே சூட்டினார். மேற்கோள்களைத் திரட்டி அட்டவணை போடலாம் என்ற யோசனையை அமெரிக்கரான யூஜீன் கார்பீல்டு 1955-இல் வெளியிட்டு, 1964-இல் பெரிய அட்டவணையாகவே கொண்டுவந்தார். அவர் ஆதியில் கருதியது, ஒரு கருத்து எங்கே தோன்றி எங்கெங்கே கிளை விட்டது என்று வாசகர் தேடிக்கொள்வதற்கு வழிகாட்ட வேண்டும் என்பதே. வழிகாட்டிப் பலகையைப் பிடுங்கித் தராசுக் கோலாக்கியவர்கள் பின்னால் வந்தவர்கள். நம் தேசத்தில் இந்த அட்டவணைகளைக் கொண்டு இந்திய விஞ்ஞானத்தின் நிலையை ஆராய்ந்த முன்னோடி சென்னையைச் சேர்ந்த ஸ்ரீ சுப்பையா அருணாசலம்.

2005-இல் ஜார்ஜ் ஹர்ஷ் என்ற பௌதிகர் மற்றோர் அளவு கண்டுபிடித்தார். அதற்கு "எச்-எண்" என்று பெயர். அதைப் புரிந்துகொள்வது சிரமமல்ல. ஒருவர் ஐந்து கட்டுரை எழுதியிருக்கிறார். அவை முறையே 40, 12, 6, 4, 1 தடவை குறிக்கப்பட்டிருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். நாலாவது கட்டுரைக்கு நாலு வரவு இருக்கிறது. ஐந்தாவதற்கு ஐந்து இல்லை. ஆகவே அவருடைய எச்-எண் 4. சுலபமான கணக்குத்தான், நம் வீட்டு ஆறாம் வகுப்புப் பிள்ளையும் போடுவான். ஆனால் விளைவைக் கவனியுங்கள். ஒருவர் ஆயுளில் இரண்டே கட்டுரை எழுதி, ஒவ்வொன்றும் பதினாயிரம் தடவை குறிக்கப்பட்டாலும் அவருடைய எண் 2-தான். மற்றொருவர் 20 கட்டுரை எழுதி, ஒவ்வொன்றும் 20 தடவை குறிக்கப்பட்டால் அவருடைய எண் 20. இருவரில் பெரியவர் யார் என்று எண்ணை மட்டும் பார்த்துச் சொல்ல முடியுமா?

கோல் எங்கே கோணுகிறது?

ராமச்சந்திரனுடைய வேலையை வைத்தே பார்ப்போம்.

முதலாவது, பேரேட்டுக்குப் புகழ்ச்சியும் இகழ்ச்சியும் ஒன்றே. ரிச்சும் கிரிக்கும் குற்றம் சொல்வதற்காகக் குறித்ததும் ஒரு வரவு. பாராட்டுவதற்காக வேறொருவர் குறித்ததும் ஒரு வரவு. அந்தக் குற்றச்சாட்டிலிருந்துதானே 1963-ஆம் வருஷத்துப் படம் பிறந்தது? ஒரு வரவு எதிரியின் அம்பா, நண்பனின் மாலையா, அல்லது அடுத்த கண்டுபிடிப்புக்கு விதையா என்று சொல்லப் பேரேட்டில் பத்தி கிடையாது.

இரண்டாவது, உண்மையில் பெரிய கண்டுபிடிப்பு நாளடைவில் குறிக்கப்படாமலே போகிறது. பூமியின் ஈர்ப்பைப் பற்றி எழுதுகிறவர் எவரும் நியூட்டனுடைய புத்தகத்தின் பக்க எண்ணைக் கொடுப்பதில்லை. புரதங்களின் அமைப்புகளைச் சேமித்து வைக்கும் உலகப் பொதுப் பண்டகத்தில் 2023-ஆம் வருஷத்துக்குள் இரண்டு லட்சத்துக்கு மேற்பட்ட அமைப்புகள் சேர்ந்துவிட்டன. அங்கே வரும் புரத அமைப்பு ஒவ்வொன்றையும் ராமச்சந்திரன் படத்தில் வைத்துச் சோதிக்கிறார்கள். எந்த மணியாவது "நுழையக் கூடாத" பூமியில் நின்றால் அறிக்கையில் குறித்துவிடுகிறார்கள். சோதனை தினந்தோறும் நடக்கிறது. 1963-ஆம் வருஷத்துக் கட்டுரையை மேற்கோள் காட்டுபவரோ அவர்களில் ஒரு சிலரே. காற்றுக்கு யார் ரசீது கொடுக்கிறார்கள்?

மூன்றாவது, பேரேட்டுக்குப் பொறுமை கிடையாது. ஒரு பத்திரிகையின் மதிப்பைக் கணக்கிடும் பிரபலமான முறையில், முந்திய இரண்டு வருஷத்துக் கட்டுரைகளுக்கு இந்த வருஷம் கிடைத்த மேற்கோள்களைத்தான் பார்க்கிறார்கள். தென்னம்பிள்ளையை நட்டு இரண்டாம் வருஷம் இளநீர் கேட்பது போன்றது இது. கொல்லாஜனின் ஹைட்ரஜன் கட்டு விஷயத்தையே பாருங்கள். இரண்டாவது கட்டு நேராக விழாமல் ஒரு நீர்த் துளியணுவின் வழியாக விழலாம் என்று ராமச்சந்திரன் 1968-இல் சொன்னார். கொல்லாஜன் போன்ற ஒரு முப்புரியின் படிகத்தை மிகத் துல்லியமாகப் பார்த்து அதன் அமைப்பை வெளியிட்டது 1994-இல். நேரான கட்டு ஒன்றுதான் என்று அது காட்டியது. சுற்றிலும் நீர் அணுக்கள் பாலமிட்டு நிற்பதையும் காட்டியது. இரு தரப்பிலும் உண்மை இருந்தது என்று தெரிவதற்கு 40 வருஷம் ஆயிற்று.

நாலாவது, கூட்டு உழைப்பு. கர்த்தா, ராமகிருஷ்ணன், சசிசேகரன் ஆகியோர் இல்லாமல் இந்தக் கதை இல்லை. கர்த்தா பின்னர் அமெரிக்கா சென்று, 1967-இல் ரிபோநியூக்ளியேஸ் என்ற புரதத்தின் அமைப்பைக் கண்டவர்களில் ஒருவரானார். படத்துக்கு ஒருவர் பெயர், உழைப்போ மூவருடையது. கங்காரு நாணைச் சுத்தம் செய்து கொடுத்த தோல் நிலையத்தாரின் கைகளுக்குப் பேரேட்டில் எந்த வரி?

ஆஸ்பத்திரியில் மறைந்திருக்கும் பெயர்

இன்னொரு விஷயம் சொன்னால் நேயர்கள் ஆச்சரியப்படுவார்கள். தலையில் அடிபட்டவரை வேலூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனால் முதலில் "ஸி. டி. ஸ்கேன்" எடுக்கச் சொல்கிறார்கள். பல கோணங்களிலிருந்து எக்ஸ்-கதிரைச் செலுத்தி, விழும் நிழல்களைச் சேர்த்து, உள்ளேயிருப்பதைத் துண்டு துண்டாகப் படமாக்கும் கருவி அது. நிழல்களிலிருந்து உருவத்தைத் திரும்பப் பெறுவது கடினமான கணக்கு. 1971-இல் ராமச்சந்திரனும் ஏ. வி. லக்ஷ்மிநாராயணனும் அந்தக் கணக்கை மிகவும் சுருக்கமாகவும் விரைவாகவும் போடும் முறை ஒன்றை வெளியிட்டார்கள். அதே வருஷம் அக்டோபரில்தான் லண்டனில் முதன்முதலாக ஒரு நோயாளிக்கு ஸி. டி. படம் எடுத்தார்கள். கருவியைச் செய்த ஹவுன்ஸ்பீல்டுக்கும், கணித அடிப்படை வகுத்த கார்மாக்குக்கும் 1979-இல் நோபல் பரிசு கிடைத்தது. பின்னால் வந்த கருவிகளில் ராமச்சந்திரன் வழியையொட்டிய கணக்கு முறை வெகுகாலம் ஆட்சி செலுத்தியது. இன்றைக்கும் அந்தத் துறையின் பாடப் புத்தகங்களில் "ராம்–லாக் வடிகட்டி" என்ற பெயர் இருக்கிறது. "ராம்" யார், "லாக்" யார் என்று அறியாமலே படிக்கிறவர்கள் அநேகர். ஸ்கேன் மேடையில் படுத்திருக்கும் நோயாளி எந்தக் கட்டுரையையும் மேற்கோள் காட்டுவதில்லை. பிழைத்து எழுந்து வீட்டுக்குப் போகிறார். அதுவும் பேரேட்டில் ஏறாத வரவுதான்.

ராமச்சந்திரன் 1970-ஐ ஒட்டிச் சென்னையை விட்டுப் பெங்களூர் சென்று, விஞ்ஞானக் கழகத்தில் மூலக்கூறு உயிர்ப் பௌதிகப் பகுதியை அமைத்தார். 1977-இல் லண்டன் ராயல் சங்கத்தின் அங்கத்தினரானார். 1999-இல் படிகவியலாளரின் சர்வதேசச் சங்கம் அவருக்கு இவால்டு பரிசை அளித்தது. 2001 ஏப்ரல் 7-ந் தேதி சென்னையில் காலமானார்.

நம் பிள்ளைகளுக்கு வந்த சங்கடம்

இவ்வளவும் பெரியவர்களின் கதை. நமக்கென்ன என்று கேட்கலாம். நமக்கும் சம்பந்தம் உண்டு. இந்த ஜில்லாவில் தோல் தொழிற்சாலையிலும் செருப்புத் தொழிற்சாலையிலும் உழைத்த பெற்றோரின் பிள்ளைகள் பலர் இன்று விஞ்ஞானம் படித்து ஆராய்ச்சிக்குப் போயிருக்கிறார்கள். குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்தவர்கள் அவர்கள். நம்மிடம் படித்த ஒரு பிள்ளை ஒரு கல்லூரியில் மூன்று வருஷமாக ஒரே பரிசோதனையைத் திரும்பத் திரும்பச் செய்து வருகிறான். முடிவு திட்டமாகத் தெரியும்வரையில் எழுதக்கூடாது என்பது அவன் எண்ணம். மேலே உள்ளவர்களோ, "வருஷத்துக்கு இத்தனை கட்டுரை எங்கே?" என்று கேட்கிறார்கள். அரை வேக்காடாக நாலு கட்டுரை இறக்கியவர்கள் முன்னால் போய்விட்டார்கள்.

இந்த நிர்ப்பந்தம் எங்கிருந்து வந்தது? 2010-இல் சர்வகலாசாலை மானியக் குழு, ஆசிரியர்களின் பதவி உயர்வுக்குக் கட்டுரைகளை எண்ணி மார்க்குப் போடும் முறையைக் கொண்டுவந்தது. நோக்கம் நல்லதாகவே இருந்திருக்கலாம். ஆராய்ச்சியே செய்யாமல் காலந்தள்ளுகிறவர்களைத் தட்டி எழுப்ப வேண்டுமல்லவா? ஆனால் எண்ணிக்கைக்கு மார்க்கு என்றவுடன், பணம் வாங்கிக்கொண்டு எதையும் அச்சிட்டுத் தரும் போலிப் பத்திரிகைகள் காளானாகக் கிளம்பின. அவற்றைக் களைவதற்கு நல்ல பத்திரிகைகளின் பட்டியல் ஒன்று தயாரித்தார்கள். 2025-இல் அந்தப் பட்டியலையும் கைவிட்டுவிட்டார்கள். உலகத்திலும் இதே தலைவலிதான். பத்திரிகையின் எண்ணை வைத்து மனிதரை மதிப்பிடக்கூடாது என்று 2012-இல் ஸான்பிரான்ஸிஸ்கோவில் கூடிய அறிஞர்கள் ஒரு பிரகடனமே தயாரித்தார்கள். நண்பருக்கு நண்பர் மாறி மாறி மேற்கோள் காட்டிக்கொண்டு எண்ணை உயர்த்தும் வியாபாரமும் நடக்கிறது. மொய்ப் பணம் மாதிரி, இன்றைக்கு நான் வைத்தால் நாளைக்கு நீ வைக்க வேண்டும்!

அளவே வேண்டாமென்று நாம் சொல்லவில்லை. அளவு இல்லாத இடத்தில் சிபாரிசும் ஜாதியும் உறவும் வந்து உட்கார்ந்துகொள்ளும். ராமன் மாதிரி ஆளறிந்து சொல்பவரும், லக்ஷ்மணசாமி முதலியார் மாதிரி அதைக் கேட்பவரும் எல்லா இடத்திலும் இருப்பார்கள் என்று எதிர்பார்க்க முடியாது. பெரிய இடத்துச் சிபாரிசு இல்லாத ஏழைப் பிள்ளைக்குச் சில சமயம் அந்த எண் ஒன்றே கை கொடுக்கிறது. ஆகையால் கோலை முறித்து எறிவது புத்திசாலித்தனமல்ல. கோல் நீளத்தைத்தான் காட்டும், நயத்தைக் காட்டாது என்பதை மறவாமலிருந்தால் போதும். தோல் வாங்கும் அனுபவசாலியைப் பாருங்கள். எத்தனை சதுர அடி என்று அளந்தும் கேட்கிறார், பிறகு மடக்கிப் பார்க்கிறார், மோந்து பார்க்கிறார், விரலால் அழுத்திப் பார்க்கிறார். அளவுக்குப் பணம் கொடுத்தாலும், அளவை மட்டும் நம்பி அவர் வாங்குவதில்லை.

ஆராய்ச்சிக்குப் போகும் பிள்ளைகளைப் பெற்றவர்களுக்கு நாம் சொல்லக்கூடியது ஒன்றுண்டு. எந்த ஆசிரியரிடம் சேருவது என்று பிள்ளை யோசிக்கும்போது, அவருக்கு எத்தனை மேற்கோள் என்று கேட்பதில் தவறில்லை. அத்துடன் இன்னும் இரண்டு கேள்விகளைக் கேட்கச் சொல்லுங்கள். அவர் கண்டதைக் கையில் எடுத்துக்கொண்டு வேறு யாராவது ஒரு காரியம் சாதித்திருக்கிறார்களா? தம்மிடம் யாராவது குற்றம் கண்டுபிடித்தபோது, அவர் கோபித்துக்கொண்டாரா, கணக்குப் போட உட்கார்ந்தாரா? இரண்டாவது கேள்விக்கு நல்ல பதில் கிடைத்தால், பிள்ளையைத் தைரியமாக அனுப்பி வைக்கலாம்.